பச்சைக் கரைநண்டு: ஓதம் வளர்த்த உயிர்

உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் பெயர் உள்ள ஒரு நண்டு, என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கல்லுக்குக் கல் ஒளிந்துகிடக்கிறது. வேல்ஸின் சுவான்சி வளைகுடாவில் அது வந்தேறி அல்ல, பூர்வீகக் குடி. நார்வேயிலிருந்து வட ஆப்பிரிக்கா வரைக்குமான அட்லாண்டிக் கரை அதற்குச் சொந்தம். அமெரிக்காவில் இதே நண்டுக்காக அவசரநிலை அறிவித்திருக்கிறார்கள். இங்கே திரும்பிப் பார்க்க ஆளில்லை. இந்தக் கரையில் எனக்கு இதைவிடப் பிடித்த உயிர் வேறெதுவும் இல்லை. அங்கே அதைப் பகையாக்குவதும் இங்கே என்னைக் கட்டிப்போடுவதும் ஒரே குணம்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அறிவியல் பெயர் கார்சினஸ் மேனஸ். உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758 இல் விவரித்த உயிர்களில் ஒன்று. நாம் பச்சைக் கரைநண்டு என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வளர்ந்த ஆணின் ஓடு 9 சென்டிமீட்டர் அகலம் வரை போகும். கல்லடியில் பார்ப்பவை பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அடையாளம் காண நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, பழுப்பு, ஆரஞ்சு, ஏறக்குறைய சிவப்பு என்று எல்லா நிறத்திலும் வரும். ஓட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்பக்கம் ஐந்து கூரான பற்கள், இரண்டு கண்களுக்கும் நடுவே மூன்று சிறு மேடுகள். இது போதும். குஞ்சுகள் இன்னும் ஏமாற்றும். வெள்ளைத் திட்டு, கறுப்புக் கோடு, புள்ளி என்று ஒன்றைப்போல ஒன்று இருக்காது. சரளைக்கல் மேல் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். வளர வளர அந்தக் கோலமெல்லாம் மங்கி ஒரே நிறமாகிவிடும். தரைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். கப்பல் இரைச்சலைக் கேட்டு வளரும் குஞ்சுகளுக்கு இந்த நிறமாற்றம் சரியாக நடப்பதில்லை என்று எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 2020 இல் காட்டினார்கள். கப்பல் சத்தம் நண்டின் தோலில் போய்த் தெரியும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

சரி, அது வாழும் இடத்துக்கு வருவோம். கடல் ஏறும்போது மூடி, வற்றும்போது விட்டுப்போகும் நிலப்பட்டைதான் இதன் வீடு. கடலின் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஓதம் என்கிறோம். சுவான்சியில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 9 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. உலகிலேயே பெரிய ஓதங்கள் உள்ள இடங்களில், சுவான்சி வளைகுடா அமைந்திருக்கும் பிரிஸ்டல் கால்வாயும் ஒன்று. மம்பிள்ஸ் பக்கத்துப் பாறைகளில் காலையில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் நான் நடந்துபோகிறேன். அந்த ஆறு மணி நேரத்தில் அங்கே இருக்கும் உயிருக்கு என்னென்ன நேர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெயில் அடித்தால் பாறைக்குளத்துத் தண்ணீர் சூடாகிறது, உப்பு ஏறுகிறது. மழை பெய்தால் அதே குளம் அரைகுறை நன்னீராகிவிடுகிறது. இரவில் பாசிகள் சுவாசிப்பதால் குளத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மேலே கடற்பறவைகள். தண்ணீர் திரும்பியதும் பெரிய மீன்கள். இத்தனையும் ஒரு நாளைக்கு இரண்டு முறை.

நடுக்கடல் உயிர் ஒன்றைக் கொண்டுவந்து இங்கே விட்டால் ஒரு வற்றத்தைத் தாண்டாது. கரைநண்டு தாண்டும். ஆயிரத்துக்கு 4 பங்கு உப்புள்ள தண்ணீரையும் தாங்கும், 52 பங்கு உள்ளதையும் தாங்கும். சாதாரணக் கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 35. தண்ணீர் நீர்த்துப்போனால் அதன் பின் செவுள்கள் உப்பை வெளியிலிருந்து இழுத்து இரத்தத்தில் சேர்க்கத் தொடங்குகின்றன. உறைநிலையை ஒட்டிய குளிரிலும் 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் சமாளிக்கும்.

மூச்சு விடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வழக்கமாக இது கால்களின் அடிப்பக்கம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுள்களின் மேல் ஓடவிட்டு, வாயருகே வெளியேற்றுகிறது. உள்ளே ஒரு சிறு மடல் ஓயாமல் ஆடி அந்த ஓட்டத்தை நடத்துகிறது. குளத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டால் நண்டு விளிம்புக்கு வந்து முகத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டும். மடல் அப்போது எதிர்த்திசையில் வேலை செய்யும். காற்று வாய்ப்பக்கம் நுழைந்து, செவுளறையில் மிச்சமுள்ள தண்ணீருக்குள் குமிழ்விட்டுப் பின்னால் வெளிவரும். ஒரு கோடை இரவில் கைவிளக்கோடு குளத்தோரம் குந்தியிருந்து இதைப் பார்த்தேன். காலடியில் நுரைபோலச் சிறு குமிழ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நண்டு அசையவே இல்லை. தண்ணீரிலேயே இருந்துகொண்டு காற்றை வாங்குகிறது என்பது உறைத்ததும் எழுந்துபோக மனம் வரவில்லை.

இதையெல்லாம் விட என்னை அசத்துவது அதன் கடிகாரம். எர்னஸ்ட் நெய்லர் என்ற விலங்கியலாளர் 1958 இல் வெளியிட்ட ஆய்வு இது. கரையில் பிடித்த நண்டுகளை ஆய்வகத்தில், ஓதமே இல்லாத நிலையில் வைத்தார். வெளிச்சம் மாறாது, தண்ணீர் ஏறாது, இறங்காது. அப்படியும் நண்டுகள் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பரபரப்பாகத் திரிந்தன, பிறகு அடங்கின. அவை பிடிபட்ட கரையில் கடல் ஏறியிருக்கும் நேரத்தோடு அந்தப் பரபரப்பு ஒத்துப்போனது. இரவு ஏற்றமாக இருந்தால் ஓட்டம் இன்னும் அதிகம். சில நாட்களில் அந்த ஒழுங்கு மங்கிப்போகும். மங்கிய பிறகு சில மணி நேரம் நன்றாகக் குளிரூட்டி எடுத்தால் திரும்ப ஓடத் தொடங்கும்.

அடுத்த கேள்வி இயல்பாகவே வருகிறது. இந்த ஒழுங்கைக் கரை கற்றுக்கொடுத்ததா, பிறவியிலேயே வந்ததா? வில்லியம்ஸும் நெய்லரும் 1967 இல் பதில் சொன்னார்கள். ஆய்வகத்திலேயே வளர்ந்த, வாழ்நாளில் ஓதத்தையே காணாத நண்டுகளை ஒரே ஒருமுறை குளிரூட்டினார்கள். அவையும் ஓதத்தின் கணக்குப்படியே ஓடின. நிலாவும் சூரியனும் கடலை இழுக்கும் கணக்கு, கடலைப் பார்க்காத ஓர் உடலுக்குள் எழுதியிருக்கிறது! 1996 இல் ஜெங், நெய்லர் இருவரும் முட்டையிலிருந்து வந்த இளவுயிரிகளைப் பார்த்தபோது அவற்றிடமும் இது இருந்தது. கடல் வற்றும் நேரத்தில் அவை மேலே நீந்துகின்றன. வற்றும் நீர் அவற்றைக் கரையிலிருந்து வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். கரையோரத்துப் பசித்த வாய்களிலிருந்து தப்ப அதுதான் வழி. பொடி மிளகளவுகூட இல்லாத உயிருக்கு எப்போது மேலே எழ வேண்டும் என்று தெரிகிறது.

தாய் ஒருமுறைக்கு 1,85,000 முட்டைகள் வரை சுமக்கும். வெளிவரும் இளவுயிரி நான்கு கட்டங்களை மிதந்தே கடந்து, ஐந்தாவதில் பாதி நண்டு உருவம் எடுத்து, வாரக்கணக்கில் கடலில் அலைந்துவிட்டுக் கரை சேரும். சேர்பவை மிகச் சில.

கரை சேர்ந்த பிறகு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்ற வேண்டும். வற்றத்தில் பாறையிடுக்கில் செத்த நண்டு கிடக்கிறதே என்று எடுத்தால் பல நேரம் அது வெறும் சட்டைதான். என் மகளுக்கு இதில் தனி ஆர்வம். "அப்பா, இது செத்ததா, சட்டையா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ஓட்டுக்கும் வால்மடலுக்கும் நடுவே மூடிபோலத் திறந்திருந்தால் சட்டை. அந்த வாசல் வழியாகத்தான் நண்டு பின்னோக்கி வெளியே வருகிறது. கொடுக்கின் பருத்த சதையைக் குறுகிய கணுக்கள் வழியாக உருவ வேண்டும். கால்களை ஒவ்வொன்றாக, கையுறையிலிருந்து விரலை இழுப்பதுபோல. சட்டையைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணின் மேல்தோல்கூடத் தெளிவாக இருக்கும். உள்ளே செவுளின் மெல்லிய உறை, இரைப்பையின் உட்தோல் எல்லாம் அப்படியே இருக்கும். வெளியே வந்த நண்டு மெத்துமெத்தென்று இருக்கும். உடனே தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். புதிய ஓடு அந்த அளவிலேயே இறுகும். அதுவரை கொடுக்கால் எதையும் நசுக்க முடியாது, யாரையும் தடுக்க முடியாது. கல்லடியில் ஒளிந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெண் நண்டுக்கு இனச்சேர்க்கையும் அப்போதுதான். ஓடு கழற்றப்போகும் பெண்ணை ஆண் முன்கூட்டியே மோப்பத்தால் அறிந்து, நாட்கணக்கில் தன் வயிற்றுக்கடியில் அணைத்துச் சுமந்து திரியும். அவள் ஓடு கழற்றியதும் கூடும்; அதற்குப் பிறகும் சிறிது காலம் விடாது. கல்லைப் புரட்டும்போது பெரியதும் சிறியதுமாக இரண்டு நண்டு ஒட்டிக்கிடந்தால் பிரிக்காமல் கல்லை மூடிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி முதலில் சொன்னேனே, அதற்கும் இந்தச் சட்டைக்கும் தொடர்பு உண்டு. அண்மையில் ஓடு கழற்றியது பச்சை. வளர்ச்சியை ஒத்திப்போட்டு அதே ஓட்டில் நெடுநாள் இருப்பது மெல்ல மெல்லச் சிவக்கிறது. சிவந்ததின் ஓடு தடிமன், கொடுக்கில் வலு அதிகம், பெண்ணுக்கான சண்டையில் பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். ஆனால் உப்பு குறைந்தாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ சிவப்புக்குப் பச்சையளவு தாங்குசக்தி இல்லை. அதனால் சிவப்பு பெரும்பாலும் ஆழத்தில், பச்சை கரையில். வலுவும் தாங்குசக்தியும் ஒரே உடலில் முழுதாக வாய்ப்பதில்லை போலும்.

அப்புறம், ஒரு கொடூரமான விருந்தாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளரும் பார்னக்கிள் இனத்தைச் சேர்ந்தது சக்குலினா. இதன் பெண் இளவுயிரி நண்டின் மேல் வந்து ஒட்டி, தன் உடம்பிலிருந்து ஒரு சிறு துளியை மட்டும் நண்டுக்குள் செலுத்துகிறது. மிச்சத்தை உதறிவிடுகிறது. அந்தத் துளி நண்டின் உடம்பெங்கும் வேர்விட்டுப் பரவுகிறது. பிரான்சின் ரோஸ்காஃபில் ஈவ் தெலாஜ் 1884 இல் இந்த வாழ்க்கைச் சுழற்சியை விவரித்தார். கொஞ்ச காலம் கழித்து நண்டின் வயிற்றடியில் மடிந்திருக்கும் வால்மடலுக்குக் கீழே, முட்டை இருக்க வேண்டிய இடத்தில், மழமழப்பான மஞ்சள் பை ஒன்று வெளிவரும். நண்டு மலடாகும், ஓடு கழற்றுவதும் நின்றுவிடும். தன் முட்டையைக் காப்பதுபோல அந்தப் பையைத் துடைத்துக் காக்கும். ஆண் நண்டுக்குள் புகுந்தால் அதன் குறுகிய மடல் பெண்ணுடையதுபோல அகலமாகும். அதுவும் பையைப் பராமரிக்கத் தொடங்கிவிடும். வெயிலையும் குளிரையும் வென்ற உடல், உள்ளே புகுந்த ஒரு துளியிடம் தன்னையே கொடுத்துவிடுகிறது. இதை முதன்முதலில் கையில் ஏந்திப் பார்த்தபோது மனம் கனத்துப்போனது. முட்டைத்திரளா, சக்குலினாவா என்று வேறுபடுத்துவது எளிது: முட்டை மணிமணியாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பை வழவழவென்று ஒரே துண்டாக இருக்கும்.

இப்போது அதன் கடல் கடந்த கதை. 4 பங்கு உப்பிலும் 52 பங்கு உப்பிலும் பிழைக்கும், காற்றிலும் மூச்சு விடும், கிடைத்ததைத் தின்னும் ஓர் உயிரைக் கப்பலின் அடித்தளத்தில் எடைக்காகப் போட்ட ஈரக் கற்களுக்கு நடுவே போட்டால் என்ன ஆகும்? பிழைத்துக்கொள்ளும். 1817 இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதைப் பதிவுசெய்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் போய்ச்சேர்ந்தது. 1983 இல் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடா. 1989ஐ ஒட்டி சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. அங்கிருந்து வடக்கே நகர்ந்து, 2022 இல் அலாஸ்காவின் அனெட் தீவு. அமெரிக்காவின் மேயின் (Maine) மாநிலத்தில் 1950களில் மட்டி எடுப்பவர்களின் பிழைப்பில் மண் விழுந்ததற்கு இந்த நண்டும் ஒரு காரணம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இது சேற்றைத் தோண்டிக் கடற்புல் படுகைகளையே பிய்த்துப்போட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் லம்மி பழங்குடியினர் மட்டி வளர்க்கும் கடற்குளத்தில் 2021 இல் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட நண்டுகள் பிடிபட்டன. பழங்குடி அரசு பேரிடர் அறிவித்தது. 2022 ஜனவரியில் மாநில ஆளுநரும் அவசரநிலை அறிவித்தார். நண்டை நேசிப்பவன் என்பதற்காக இந்த இழப்பைச் சின்னதாகக் காட்ட எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

வந்த இடத்து உயிர்களும் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறு கடல்நத்தையின் ஓடுகளை, 1871க்கும் 1984க்கும் இடையில் சேர்த்தவற்றை, ராபின் சீலி என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். பழைய ஓடுகள் மெலிந்து, உச்சி உயர்ந்து இருந்தன. நண்டு வந்தபின் வாழ்ந்தவை தடித்து, உச்சி தாழ்ந்திருந்தன. மெல்லிய ஓட்டை நண்டு நொறுக்கித் தின்றுவிட, தடித்தவை எஞ்சிப் பெருகின. நூறு ஆண்டுக்குள் ஒரு நத்தையின் உருவமே மாறிவிட்டது. இதே அமெரிக்கக் கரையில் 1988 இல் நியூ ஜெர்சியில் ஆசியக் கரைநண்டு என்ற இன்னொரு புதுவரவு காணப்பட்டது. பாறைக்கரைகளில் பல இடங்களிலிருந்து அது பச்சை நண்டைத் துரத்திவிட்டது.

ஒழிக்க முயன்ற கதைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கலிபோர்னியாவின் ஸ்டின்சன் கடற்கரையில் உள்ள சீட்ரிஃப்ட் காயலில் நடந்தது. 2009 இல் அங்கே சுமார் 1,25,000 நண்டுகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டு, கூண்டு வைத்துப் பிடிக்கத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2013 இல் 10,000க்கும் கீழே வந்தது. மறு ஆண்டு எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 3,00,000! பெரிய நண்டுகள்தாம் தங்கள் இனத்துக் குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையை அடக்கி வைத்திருந்தன. பெரியவற்றை அகற்றியதும் குஞ்சுகளுக்குத் தடையே இல்லாமல் போனது. அதன்பிறகு அந்த ஆய்வாளர்கள் முழுதாக ஒழிப்பதைக் கைவிட்டு, சுற்றுப்புறம் தாங்கும் அளவுக்கு எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதே சரி என்று சொன்னார்கள். சக்குலினாவை அனுப்பி நண்டை மலடாக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆய்வகத்தில் சோதித்தபோது அது கலிபோர்னியாவின் சொந்த நண்டுகளையும் தொற்றிக் கொன்றது. நல்லவேளை, முதலில் சோதித்தார்கள்.

அதே கலிபோர்னியாவில் எல்க்ஹார்ன் கழிமுகத்தில் பச்சை நண்டு தலைதூக்கவில்லை. காரணம் கடல்நீர்நாய்கள். ஒரு காலத்தில் ரோமத்துக்காக வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்ட விலங்கு அது. காப்பாற்றப்பட்டுத் திரும்பி வந்து, இப்போது அங்கே உள்ள நூற்றுச் சொச்சம் நீர்நாய்கள் ஆண்டுக்கு 50,000 முதல் 1,20,000 பச்சை நண்டுகளைத் தின்பதாக 2024 இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. என் கணிப்பில் கூண்டுகளை எண்ணுவதைவிட, அந்தக் கரையில் யார் யார் காணாமல் போனார்கள் என்று எண்ணுவது பயன்தரும்.

கொல்வதைப் பற்றிப் பேசும்போது வலியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பெல்ஃபாஸ்டில் பாரி மேகியும் ராபர்ட் எல்வுட்டும் 2013 இல் வெளியிட்ட சோதனையில், கரைநண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடங்கள் கொடுத்தார்கள். ஒன்றில் நுழைந்தால் மின்னதிர்ச்சி. இரண்டு முறை பட்டபின் பெரும்பாலான நண்டுகள் மற்றதற்குப் போகத் தொடங்கின. வெறும் அனிச்சைச் செயலென்றால் இப்படி மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. சுவான்சி பல்கலைக்கழகத்தில் 2019 இல் பன்னிரண்டு நண்டுகளுக்குச் சிக்கலான பாதை ஒன்றின் முடிவில் இரை வைத்துப் பழக்கினார்கள். நான்கு வாரத்தில் வழி தவறுவது குறைந்தது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு, இரை வைக்காமல் விட்டபோதும் நேராக முடிவுக்கே போய்ச் சேர்ந்தன. 2022 இல் பிரிட்டனின் விலங்கு உணர்திறன் சட்டம் பத்துக்கால் ஓட்டுயிர்களையும் உணர்வுள்ளவை என்று ஏற்றது. கரைநண்டும் அதில் அடக்கம். பிடித்து அகற்றியே ஆக வேண்டிய கரைகளில்கூட எப்படிக் கொல்கிறோம் என்ற கேள்வி இனி உண்டு. உயிரோடு வெயிலில் குவித்துப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே கோடையில் படகுத்துறை விளிம்பில் நூல் தொங்கவிட்டு நண்டு பிடிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைப் படித்தால், அவர்களுக்குச் சில வார்த்தைகள். வாளியில் கடல்நீரை நிரப்புங்கள், குழாய்நீர் வேண்டாம். ஒரு வாளிக்கு நாலைந்து நண்டுக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் சண்டையில் கால் போகும், தண்ணீரில் ஆக்சிஜனும் தீரும். கொஞ்சம் கடற்பாசியும் ஒரு கல்லும் போட்டு, வாளியை நிழலில் வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். தூக்கும்போது பின்னாலிருந்து, ஓட்டின் இரு பக்கமும் விரல் வைத்துப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. வால்மடலுக்கடியில் ஆரஞ்சு முட்டைமணிகள் இருந்தால் அந்த நண்டை உடனே விட்டுவிடுங்கள். மற்றவற்றையும் பிடித்த இடத்திலேயே, தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்து விடுங்கள். உயரத்திலிருந்து கவிழ்த்தால் ஓடு உடையும். வேறு கரைக்கு எடுத்துப்போகவே வேண்டாம். பாறைப்பக்கம் போய்க் கல்லைப் புரட்டிப் பார்ப்பவர்கள், எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம் கீழே வரும்படி திரும்ப வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஏற்றம் வரும்வரை அந்த ஈரம்தான் அடியில் இருப்பவற்றுக்கு மூச்சு.